மரையறிதல்

பழைய மோட்டார் வண்டியொன்றைப் புதுக்க முற்படுவோர் பொறியையும் சக்கரத்தையும் குறித்துக் கவலுவரேயன்றிப் போல்ட்டுகளை ஒரு பொருளாக எண்ணார். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். சென்ற கோடை விடுமுறையில், எம் தாய்மாமன் கொட்டிலில் நெடுங்காலம் துஞ்சிக்கிடந்த 'மாரிஸ் 10' வண்டியைப் புதுக்குங்கால் அவ்வெண்ணம் ஒழிந்தது. 1938-ல் இங்கிலாந்தில் வெளிவந்த வகை அது. நம் நாட்டு 'இந்துஸ்தான் 10' இதனைத் தழுவியே செய்யப்பட்டது.

பொறியின் மூடியொன்றில் ஒரு போல்ட்டு காணாமற்போயிருந்தது. அதன் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி அளந்தோம். தண்டின் குறுக்களவு இரண்டரை நூல், அஃதாவது 5/16 அங்குலம். தலைக்கோ பழைய ஆங்கில ஸ்பானர் கச்சிதமாகப் பொருந்தியது. ஆகவே பி.எஸ்.எப். மரையென்று துணிந்து அவ்வாறே வாங்கிவந்தோம். இரண்டு சுற்று விரலாலேயே சென்றது, மூன்றாவதில் இறுகிற்று. ஸ்பானரிட்டு வலிந்து திருகினோம். போல்ட்டு சென்றது, துளையின் மரையும் உடன் சென்றது!

மறுநாள் வந்த முதிய மெக்கானிக் ஒருவர், சீப்புப் போன்ற பற்களையுடைய தகடுகள் கோத்த மரை கேஜை விரித்துப் பழைய போல்ட்டின்மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒளி புகாமற் படிந்தது ஒரு மில்லிமீட்டர்த் தகடு. இரண்டரை நூல் என்று யாம் கொண்டது உண்மையில் 8 மில்லிமீட்டர். 5/16 அங்குலம் 7.94 மில்லிமீட்டராதலின் வேற்றுமை கண்ணுக்குப் புலனாவதன்று. ஆனால் பி.எஸ்.எப். மரை அங்குலத்துக்கு 22. இதுவோ 25-க்குச் சற்று மேல். இக்காலத்து 8 மில்லிமீட்டர்ப் போல்ட்டும் இதற்கு உதவாது. பொதுவாக அதன் மரையிடை 1.25 மில்லிமீட்டர்.

ஆங்கில வண்டியில் பிரெஞ்சு அளவு புகுந்தது எங்ஙனம்? முதல் உலகப்போரின்போது ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சுத் துப்பாக்கிக் கம்பெனி கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை நிறுவியது. போருக்குப்பின் அது மாரிஸுக்குப் பொறிகள் செய்தது. 1923-ல் மாரிஸ் அதனை விலைக்கே வாங்கிவிட்டார். பிரெஞ்சு முறை மரை தொடர்ந்தது. தலைகள் மட்டும் ஆங்கில ஸ்பானருக்கேற்ப அமைந்தன. உருபு ஒன்றாய்ப் பொருள் வேறாய் நிற்கும் உருபு மயக்கத்தை நன்னூலிற் படித்த எமக்கு, இரும்பிலும் அது நிகழுமென்று தோன்றாமற்போயிற்று.

ஆதலின் தலையை நம்பற்க. முதலில் கம்பித்தூரிகையால் அழுக்கை நீக்கி, நட்டினுள் மறைந்திருந்த தேயாத மரையைத் தேர்ந்து வெர்னியரால் குறுக்களவு காண்க. பின்னர்த் தகடு வைத்து மரையிடை காண்க. அதுவும் போதாது. 5/16 அங்குல விட்வொர்த், யு.என்.சி. இரண்டும் அங்குலத்துக்கு 18 மரையே. முன்னதன் கோணம் 55 பாகை, பின்னதன் கோணம் 60. அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 1948-ல் உடன்பட்ட பொது முறையே இந்த 60 பாகை யு.என். மரை. தகடு ஒரு முனையிற் பொருந்தி நடுவிற் பொருந்தாதாயின் அப்போல்ட்டு இழுபட்டு நீண்டதென்க. அதனை மீளப் பூட்டலாகாது.

நீளம் தலையின் அடியிலிருந்து அளக்கப்படும். பரப்போடு அமிழும் தலையாயின் தலையையும் கூட்டுக.

வலிமையோ அளவாற் புலப்படாது, தலைக்குறியே சான்று. 8.8 என்பதன் முதலெண் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமையைக் குறிக்கும். அதில் பத்தில் எட்டுப் பங்கு, அஃதாவது 640 வரை, நிலையாக நீளாது தாங்கும். அமெரிக்க முறையில் மூன்று கோடு ஐந்தாந்தரம், ஆறு கோடு எட்டாந்தரம். குறியற்ற புதுப்போல்ட்டைப் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் இடுதல் ஓட்டுவோர் உயிரைப் பணயம் வைப்பதேயாம். மூடியில் யாம் பிழைத்தது நற்பேறு.

கெட்ட துளையை அம்முதியவரே பெருக்கிக் குடைந்து, மரையமைந்த கம்பிச்சுருளைப் பதித்துக் கொடுத்தார். ஒரு மில்லிமீட்டர் இடையுள்ள 8 மில்லிமீட்டர்ப் போல்ட்டு தேடிப் பெற்றோம். அதன் தலைக்கு வேண்டுவது 13 மில்லிமீட்டர் ஸ்பானர். அதன் உடன்பிறப்புகளின் தலையகலமோ 13.3. இப்பொழுது அவ்வொரு போல்ட்டுக்காகவே மாமன் வண்டியில் தனி ஸ்பானர் ஒன்று கிடக்கிறது.