சாரதியில்லா வண்டியும் நாட்டு வழக்கும்

ஓரூரிற் பிறந்து வளர்ந்தா னொருவன் வேற்றூர் புகுங்கால், ஆங்குள்ள வழக்கினை அறியுமளவும் தடுமாறுதல் இயல்பு. மக்கட்குரிய இத்தடுமாற்றம் மக்கள் ஆக்கிய பொறிக்கும் உண்டோ என்பதை, இக்காலத்துத் தாமே இயங்கும் மோட்டார் வண்டிகளை முன்வைத்து ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இவ்வண்டிகளின் ஆற்றலைச் சுழி முதல் ஐந்து வரை ஆறு படிகளாக அறிஞர் வகுத்துளர். இரண்டாம் படிகாறும் வண்டி துணைபுரியுமேயன்றிச் சாலையை இடையறாது நோக்குங் கடமை ஓட்டுபவனுடையதே. மூன்றாம் படியிற் குறித்த நிலைமைகளில் வண்டியே நோக்கும். அஃது அழைத்தவழி ஓட்டுபவன் பொறுப்பேற்றல் வேண்டும். நான்காம் படியில், வரையறுத்த எல்லைக்குள் ஓட்டுபவனே வேண்டப்படான். எல்லையின்றி யாண்டுஞ் செல்லும் ஐந்தாம் படியை எவ்வண்டியும் இன்னும் எய்திற்றில்லை. ஆகவே, "இது தானே ஓடுமோ?" என வினவுதல் சாலாது; "எவ்விடத்து ஓடும்?" என வினவுதலே முறையாம்.

இவ்வினாவிற்கு நாடுகள் வெவ்வேறு விடை பகர்ந்துள்ளன. ஜெர்மனியில் 2021-ஆம் ஆண்டிறுதியில் மூன்றாம் படி வண்டியொன்றுக்கு அரசு இசைவளித்தபோது, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேற்படாத விரைவே அதற்கு எல்லையாயிற்று. ஜப்பானில் எய்ஹெய்ஜி என்னுமூரில் 2023-இல் தொடங்கிய நான்காம் படி வண்டியோ, பழைய இருப்புப்பாதை கிடந்த தடத்தில், நிலத்திற் பதித்த கம்பியைப் பின்பற்றி, மணிக்கு 12 கிலோமீட்டர் விரைவில் ஊர்ந்தது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகர்ப்புறப் பகுதியில் 2020 முதல் ஆளில்லா வாடகை வண்டிகள் பொதுமக்களை ஏற்றிச் சென்றன. ஆங்குள்ள தெருக்கள் அகன்றன, நேரியன; மழையோ மிக அரிது. படி உயர்ந்துழி எல்லை சுருங்குதல் இவற்றாற் புலனாம்.

நிற்க, எல்லை கடந்த பொறி படும் இடர்ப்பாட்டிற்கு ஒரு சான்று காண்க. விலங்கு கண்டு தடையிடுமாறு ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தார் அமைத்த பொறி, தன்னாட்டு மான்களை நன்கறிந்தது. ஆஸ்திரேலியாவிற் கங்காருவைக் கண்டு மயங்கிற்று. இது 2017-இல் வெளிப்பட்டது. விலங்கு நிற்கும் நிலத்தைக் கொண்டே அப்பொறி தொலைவை அளக்கும். கங்காரு மேலெழும்பியபோது தொலைவில் இருப்பதாகவும், நிலந்தோய்ந்தபோது அணுகியதாகவும் அதற்குத் தோன்றிற்று.

பொறிக்குக் கல்வியாவது படங்களே. 2016-இல் வெளிவந்த சிட்டிஸ்கேப்ஸ் என்னும் புகழ்பெற்ற படத்தொகுதி, பெரும்பாலும் ஜெர்மானியராகிய ஐம்பது நகரத்தார் தெருக்களைக் காட்டுவது. அதிற் பயின்ற பொறி ஆட்டோ ரிக்ஷாவை எங்ஙனம் அறியும்? இக்குறை நீக்கவே ஹைதராபாத்து அறிஞர் 2018-இல், அந்நகரிலும் பெங்களூரிலும் எடுத்த 10,000 படங்களை 34 வகைப்படுத்தி வெளியிட்டனர். ஆட்டோ ரிக்ஷா அதிற் றனிவகையாக இடம்பெற்றது.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று, உயிரைப் பற்றியது. 2018 மார்ச்சுத் திங்களில் அரிஸோனாவிலுள்ள டெம்பி நகரில், இரவிற் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண்ணொருவர் சோதனை வண்டியொன்றால் மோதுண்டு இறந்தார். மோதுதற்கு ஐந்து நொடிக்கு மேலாகவே வண்டி அவரைக் கண்டது. கண்டும், ஊர்தி என்றும், பிறிதொரு பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாறிமாறித் துணிந்தது. குறித்த இடமல்லாத இடத்தும் மக்கள் சாலையைக் கடப்பர் என்பது அதற்குக் கற்பிக்கப்படவில்லை. மேற்பார்வைக்கென அமர்ந்தவரும் அப்போது சாலையை நோக்கினாரல்லர்.

இதனால் இப்பொறிகளை வெறுத்தொதுக்குக என்பது எம் கருத்தன்று. உலகிற் சாலை விபத்தால் ஆண்டுதோறும் மாள்வோர் ஏறத்தாழப் பன்னிரண்டு இலட்சம் பேர். அவரைக் காக்கும் முயற்சி யாதாயினும் போற்றற்பாலதே. ஆயினும் காண்டல் வேறு, அறிதல் வேறு. எரிகோவிற்குச் செல்லும் வழியில் அடியுண்டு கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்ற இருவர்க்கும் கண்கள் இல்லாமலில்லை. அவனைப் பிறன் என்று கொள்ளும் நெஞ்சமே இல்லை. பொறிக்கு நெஞ்சம் யாண்டும் இல்லை. ஆதலின், அதனை ஆக்குவோரும் அதற்கு இசைவளிப்போரும், எந்நாட்டுச் சாலையில் எவர் நடந்துவரினும் அவரை மனிதரென அறியுமாறு அதனைப் பயிற்றுதலும், பயிலாத இடத்து அதனைச் செலுத்தாதிருத்தலும் தங் கடனென்று உணர்வாராக.