ஐ.சி.யூ.வுக்குப் போன பாப்பாவுக்கு

திண்டிவனம்

அன்புள்ள பாப்பா,

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உனக்கு ஐ.சி.யூ. டியூட்டி போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். முதல் சாவைப் பார்த்ததிலிருந்து நீ யாரோடும் பேசுவதில்லையாம். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்று எழுதுகிறேன்.

அந்த வார்டில் எல்லோரையும் பிழைக்க வைக்க முடியாது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள் பலரை அங்கேதான் கொண்டுவந்தார்கள். அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் மூளையையும் தாக்கிவிட்டால், டயாலிசிஸ் செய்தும் சிலர் மீள்வதில்லை. மருந்து கைவிட்ட இடத்தில் நர்ஸின் வேலை கூடுகிறது, பாப்பா.

வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல், சொந்த மனிதர் கையைப் பிடித்திருக்க உயிர் பிரிவதைத்தான் நல்ல சாவு என்போம். அதற்கு வீட்டாருக்கு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதுதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் மகனுக்கு “பார்த்துக்கிட்டிருக்கோம்” என்றே பதில் போகும். கடைசியில் திடீரென்று கூப்பிட்டு எல்லாம் முடிந்துவிட்டது என்பார்கள். இது கொடுமை. பிரஷருக்கான மருந்தை ஏற்றிக்கொண்டே போவதும், சிறுநீர்ப் பையில் ஒன்றும் இறங்காததும் முதலில் உன் கண்ணில்தான் படும். உடனே டாக்டரிடம், “சார், வீட்டுக்காரங்ககிட்ட இப்பவே பேசிடுங்க” என்று கேள். அவர் பேசும்போது கூடவே நில். அவர் போனதும், “சிஸ்டர், பொழச்சுக்குவாரா?” என்று உன்னிடம்தான் வருவார்கள். டாக்டர் சொன்னதையே அவர்களுக்குப் புரிகிற பேச்சில் சொல். பொய்யாக ஆசை காட்டாதே.

வென்டிலேட்டரை நிறுத்துவது நீ தீர்மானிப்பதல்ல, ஒரு டாக்டர் தனியாகத் தீர்மானிப்பதுமல்ல. கண்ணியமாக இறப்பதும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ல் தீர்ப்புச் சொன்னது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியபோதும், இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும், வீட்டாரும் சம்மதிக்க வேண்டும் என்பதை விடவில்லை. அது சரியான காவல்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக்கைப் பற்றி நீ படித்திருப்பாய். 1973-ல் தாக்கப்பட்டு நினைவிழந்தவரை, 2015-ல் இறக்கும்வரை உடன் வேலை பார்த்தவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள். உணவை நிறுத்தக் கோரிய மனுவை அவர்கள் எதிர்த்தார்கள். 2011-ல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் உறுப்புகள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்கும் உன் நோயாளியின் நிலை வேறு. அவருக்கு இன்னொரு ஊசி குத்துவதைவிட, உலர்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் துடைப்பது பெரிது. கைக்கட்டை அவிழ்க்கலாமா, அலாரம் சத்தத்தைக் குறைக்கலாமா, மார்ஃபின் போதுமா என்று டாக்டரிடம் கேள். நினைவில்லை என்று நினைத்துக் கட்டிலருகே ஊர்க்கதை பேசாதே. பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திருப்பிப் படுக்க வை.

நம் பக்கத்து ஜனங்கள் உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்று கையெழுத்துப் போட்டு அழைத்துப் போவார்கள். முகம் சுளிக்காதே. வழியில் என்ன நடக்கலாம், மூச்சு எப்படி மாறும் என்று சொல்லி அனுப்பு. வலிக்கு மருந்து எழுதி வாங்கிக் கொடு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார் என்பது பலருக்குத் தெரியாது, அதையும் சொல்.

நாளைக்கே உன் இன்சார்ஜ் சிஸ்டரிடம் ஒன்று கேள்: சாகக் கிடக்கும் நோயாளியைப் பார்க்க, விசிட்டிங் நேரம் பாராமல் ஒருவரையாவது உள்ளே விடலாமா என்று. இல்லை என்றால், மறுநாளும் கேள்.

உன் பெரியம்மா