‘ஷாக்கு போச்சு’ என்பதற்கு முன்னால்

பழைய காரின் முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நம் ஊரில் தீர்ப்பு ஒன்றுதான்: “ஷாக்கு போச்சு சார், ரெண்டையும் மாத்திடலாம்.” சொல்பவர் பெரும்பாலும் காருக்கு அடியில் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பல ஆயிரம் செலவழித்துப் புது ஷாக் மாட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியில், முதல் வேகத்தடையிலேயே அதே ‘டக்’ கேட்கும். ஷாக் தேயாது என்று சொல்லவில்லை. ஆனால் பழைய சின்னக் கார்களில் அதற்கு முன்பே போவது ரப்பர் புஷ். நூறு, இருநூறு ரூபாய் புஷ்ஷுக்கு வைத்தியம் பார்க்காமல் ஷாக்கைக் குற்றவாளி ஆக்குவதுதான் வழக்கமாக நடப்பது.

எங்கள் வீட்டில் இருப்பது 2003 மாடல் மாருதி 800. தாம்பரம் வேளச்சேரி சாலையிலும், மழைக்குப் பிறகு அந்தச் சாலை எடுக்கும் அவதாரத்திலும் ஓடி வயதான வண்டி. எடை சுமார் 650 கிலோ, சக்கரம் 12 அங்குலம். பெரிய சக்கரம் உருண்டு தாண்டிவிடும் பள்ளத்தில் இது முழுக்க இறங்கித்தான் ஏறும். அந்த அடியெல்லாம் வாங்கியும் இத்தனை வருஷம் தாங்கியதற்குக் காரணம் அமைப்பு எளிமையானது என்பதே. ஓய்வு நேரத்தில் ஜாக்கியும் ஸ்பேனரும் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கார் கிடையாது.

முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது. எர்ல் மேக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வடிவமைத்த ஏற்பாடு இது. அவர் பெயரில்தான் இன்றைக்கும் அழைக்கிறார்கள். தூணின் தலை, பானட்டுக்குள் தெரியும் மவுண்டில் உட்கார்ந்திருக்கும். கால் பகுதியை லோயர் ஆர்ம் பிடித்திருக்கும். ஆர்மின் உள்முனையில் ரப்பர் புஷ், வெளிமுனையில் பால் ஜாயின்ட். குறுக்கே ஒரு ஸ்டெபிலைசர் பார்.

அந்தப் பாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய பல கார்களில் அது ஒரு லிங்க்கில் தொங்கும்; திருப்பத்தில் கார் சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. லிங்க் தேய்ந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். மாருதி 800-இல் பாரின் இரு முனைகளும் லோயர் ஆர்முக்குள் நுழைந்து, இருபுறமும் புஷ்ஷோடு நட் போட்டு முறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பதும் இதே பார்தான். அந்தப் புஷ் நைந்துபோனால் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றிக் கிளட்ச்சை விடும்போது ஒரு ‘டொக்’ கேட்கும். பிரேக் கோளாறு என்று நினைத்து பேட் மாற்றுகிறவர்கள் உண்டு. விலையில் கடைசி, வேலையில் முதல் வரிசை என்று சொல்லத்தக்க பாகம் இந்தப் புஷ்தான்.

கருவியைத் தொடுவதற்கு முன் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி, தண்ணீர் பாட்டில், கோயிலுக்குப் போனபோது போட்டு மறந்த தேங்காய் வரை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பேட்டரி கிளாம்ப்பையும் சைலன்சர் தொங்கும் ரப்பர் வளையங்களையும் கையால் அசைத்துப் பாருங்கள். இதிலேயே சில சத்தங்கள் தீர்ந்துவிடும். மிச்சமிருந்தால், கரடுமுரடான சாலையில் மெதுவாகப் போகும்போது பிரேக் பெடலை மெல்லத் தொட்டுப் பாருங்கள். லொடலொட சத்தம் அந்த நொடியே நின்றால் அது காலிப்பரில் ஆடும் பிரேக் பேட். சஸ்பென்ஷனைப் பிரிக்கத் தேவையில்லை.

அடுத்தது சத்தத்தின் குணம். ஓட்டுகிறவர் ஒருவர், பக்கத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பவர் ஒருவர் என்று போவது நல்லது. மெதுவான வேகத்தில் சின்னச் சின்ன மேடுகளில் மட்டும் ‘டக் டக்’ என்று கூர்மையாக வந்தால் ஸ்டெபிலைசர் புஷ்ஷையோ பால் ஜாயின்டையோ சந்தேகிக்கலாம். பெரிய பள்ளத்தில் ‘தொம்’ என்று கனமாக விழுந்தால் ஸ்ட்ரட் மவுண்ட், அல்லது ஷாக் தன் ஓட்டத்தின் கடைசியில் போய் முட்டுகிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் சுருண்டு விடுபடுகிற மாதிரி ‘டொய்ங்’ என்று கேட்டால் மவுண்டில் உள்ள பேரிங் இறுகியிருக்கிறது. பானட்டைத் திறந்து மவுண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொன்னால், பேரிங் சிக்கிச் சிக்கி நகர்வது கையிலேயே தெரியும். ஷாக்கைப் பிரிக்கும்போது இந்த மவுண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

ஸ்டியரிங் பக்கத்து ஜாயின்டுகளைச் சோதிக்கக் காரைத் தூக்கவே வேண்டாம். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும், இன்ஜின் அணைந்திருக்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சமே கொஞ்சம் ஆட்ட வேண்டும். மற்றவர் கீழே குனிந்து டை ராட் எண்ட், அதன் உள்பக்கத்து ரேக் எண்ட் என்று ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரிந்துவிடும். ஒரு பாதி நகர்ந்து, மறு பாதி ஒரு கணம் தாமதித்து நகர்ந்தால் அந்த ஜாயின்ட் முடிந்தது.

பால் ஜாயின்டுக்குத்தான் தூக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும். இரண்டு முன்சக்கரங்களையும் சேர்த்துத் தூக்குங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. ஸ்டாண்ட் இல்லையென்றால் அந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதற்குக் கீழே படுப்பவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கும்.

தூக்கியபின் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயின்ட். பிறகு லோயர் ஆர்முக்கும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே ஒரு டாமி பாரைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், இப்போது ஆட்டம் இல்லாவிட்டாலும் நாள் எண்ணப்படுகிறது என்று கொள்ளலாம். கிழிசல் வழியே கிரீஸ் வெளியேறி மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் நின்ற காரை யாராவது விலைபேசிக் கொண்டுவந்தால் நான் இன்ஜினுக்கு முன் இந்த உறைகளைத்தான் பார்ப்பேன். தேய்ந்த பால் ஜாயின்ட் ஒருநாள் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கி கார் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். மற்றவற்றைத் தள்ளிப்போடலாம், இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

புஷ்களில் கண்ணால் பார்ப்பதைவிட நெம்பிப் பார்ப்பதே பலன் தரும். வெளியே முழுசாகத் தெரியும் ரப்பர், நெம்பும்போது நடுவில் இரும்புக் குழலை விட்டுப் பிளந்து வாய் திறக்கும். கிலோமீட்டர் குறைவான கார் என்றால் இதெல்லாம் நன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். ரப்பர் ஓடித் தேய்வதைவிட வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிப்பதே அதிகம். இன்ஜின் ஆயில் கசிந்து அதன்மேல் சொட்டினால் ஊறி உப்பிவிடும். கசிவை அடைக்காமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண்.

கடைசியாக ஷாக். மட்கார்டை அழுத்திவிட்டு எத்தனை முறை துள்ளுகிறது என்று எண்ணும் சோதனை எல்லாருக்கும் தெரியும். அடியோடு செத்த ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும். பாதி தளர்ந்ததைக் காட்டாது. நான் நம்புவது வேறு சிலவற்றை: வேகத்தடை தாண்டியபின் வண்டி அடங்காமல் ஊஞ்சலாடுவது, பிரேக் அடித்தால் மூக்கு அளவுக்கு மீறிக் குனிவது, டயரின் விளிம்பைக் கையால் தடவினால் மேடுபள்ளமாகத் தட்டுப்படுவது. ஷாக்கின் உடம்பில் தூசி ஒட்டிய லேசான ஈரப்பசை இருந்தால் பயப்பட வேண்டாம். ஆயில் வழிந்து கீழ்வரை நனைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், அதுவும் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து. ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் பள்ளத்தில் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பிரிப்பது மட்டும் வீட்டு வேலை அல்ல. அமுங்கிய ஸ்பிரிங்கில் தேங்கியிருக்கும் விசை எலும்பை முறிக்கும். அதற்கென்று கம்ப்ரசர் வைத்திருக்கும் பட்டறையில் கொடுங்கள். மவுண்டின் நடு நட்டை, ஸ்ட்ரட் காரில் இருக்கும்போது ஆர்வக்கோளாறில் தளர்த்திவிடாதீர்கள்.

பாகங்கள் வாங்கச் சென்னையில் இருப்பவர்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது. 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுபோனாலும் இந்தச் சாமான்களுக்குப் பஞ்சமில்லை. புஷ், பால் ஜாயின்ட் இரண்டிலும் நான் மலிவு பார்ப்பதில்லை. கம்பெனி ஜெனுயின் பார்ட்ஸ், அல்லது பெயர் தெரிந்த தயாரிப்பு. ஷாக்குக்கு கேப்ரியேல் போன்றவை. லோக்கல் புஷ்ஷை நகத்தால் அழுத்தினாலே வித்தியாசம் தெரியும்: ஒன்று கல் மாதிரி இருக்கும், அல்லது அழிரப்பர் மாதிரி. ஆயில் மாற்றிப் பெயின்ட் அடித்த ‘ரீகண்டிஷன்’ ஸ்ட்ரட் பாதி விலைக்குக் கிடைக்கும். அதை முன்பக்கத்துக்குப் போடுவதைவிடப் பழையதையே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்பது என் கட்சி. உட்கார்ந்துபோன ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையே செருகும் ரப்பர் துண்டும் எனக்குப் பிடிக்காது. வண்டி உயர்ந்து தெரியும், ஆனால் செருகிய சுருள் வேலை செய்யாமல் மற்றச் சுருள்கள் அதன் பங்கு அசைவையும் சேர்த்து ஏற்கும். ஸ்பிரிங் இறங்கியிருக்கிறதா என்று அறிய சமதரையில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இருபுறமும் டேப் வைத்து அளந்தால் போதும்.

மாட்டும் வேலையில் பட்டறைகள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ் சுழலும் பாகம் அல்ல. போல்ட்டை முறுக்கியதும் அதன் நடுக்குழல் சட்டத்தோடு இறுகிவிடும். ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்தப் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டால், காரை இறக்கியதுமே ரப்பர் முறுக்கேறிய நிலையில்தான் இருக்கும். நிற்கும்போதும் ஓடும்போதும் அதற்கு ஓய்வே கிடையாது. வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியது மாதக்கணக்கில் கிழியும். எனவே தொங்கும்போது போல்ட்டை லேசாகப் பிடிக்கவிட்டு, காரைத் தரையில் இறக்கி, நாலு முறை அமுக்கி விட்டு, முழு எடையும் சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. இதை நான் கேட்டபோது எங்கள் பேட்டை மெக்கானிக், “அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார்” என்றார். “இல்லண்ணே, எனக்காக ஒரு தடவை இறக்கி டைட் பண்ணுங்க” என்று நின்று செய்ய வைத்தேன். சலித்துக்கொண்டார், ஆனால் செய்தார். ஸ்டெபிலைசர் முனையில் உள்ள கேசில் நட்டுக்கு ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள். பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் ஒடியும்.

செலவில் இறங்குவதற்கு முன்பே இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது: கடலோர ஊர்களின் கார்களில் ஸ்ட்ரட் மவுண்ட் உட்காரும் தகடும், லோயர் ஆர்ம் பிடிக்கும் இடமும் துருவேறியிருக்கும். ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை உள்ளே போனால் டிங்கர் வேலைதான் முதலில்; புதுச் சாமான் எதுவும் அங்கே நிலைக்காது.

வீல் அலைன்மென்ட் எல்லாம் முடிந்த பிறகு. ஆடுகிற புஷ்ஷோடு அலைன்மென்ட் பார்த்தால் கருவி காட்டும் எண் அந்த நிமிஷத்துக்கு மட்டுமே உண்மை. இந்தக் காரில் திருத்த முடிவது டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான், அதுவும் டை ராடைத் திருகி. எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டால் அலைன்மென்ட் கடை வரையாவது டயரைத் தேய்க்காமல் ஓட்டிப் போகலாம். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) எண் இரண்டு பக்கமும் வெகுவாக வேறுபட்டால், திருக ஏதுமில்லை என்று கடைக்காரர் கைவிரிப்பார். அப்போது வளைந்த ஆர்மையோ, தேய்ந்தும் மாற்றாமல் விட்ட புஷ்ஷையோ தேட வேண்டும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்கள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் புது போல்ட், நட் எல்லாவற்றுக்கும் ஒருமுறை ஸ்பேனர் வையுங்கள், கார் தரையில் நிற்கும்போதே.