முதல் மாரத்தான்: ஓட்டக் கணக்கு வேறு, நன்கொடைக் கணக்கு வேறு

கேள்வி: வயது 36, பள்ளி ஆசிரியர். தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரமும் ஓடி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு நிதி திரட்ட ஆசை. சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள், "நீ ஓடி முடி, பணம் தருகிறோம்" என்கிறார்கள். இப்போது ஜூலை. நாள் போதுமா? பணத்தை எப்படி வாங்குவது?
— வாசகர், வாசுதேவநல்லூர்

பதில்: நாள் போதும். ஆனால் சொந்தக்காரர்களின் அந்த நிபந்தனையை மட்டும் ஏற்காதீர்கள். ஓடி முடித்தால்தான் பணம் என்றாகிவிட்டால், கால் வலித்தாலும் நிறுத்த மனம் வராது. காயம் பெரிதாவது அங்கேதான். "குழந்தைகளுக்காகத் தாருங்கள், ஓட்டத்துக்கு முன்பே தாருங்கள்" என்று கேளுங்கள்.

முதலில் பயிற்சி. வாரம் நான்கு நாள் ஓடினால் போதும். மூன்று நாள் சிறிய ஓட்டம், ஞாயிறன்று நீண்ட ஓட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஞாயிறு ஓட்டத்தில் வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டுங்கள், நான்காவது வாரம் குறையுங்கள். செப்டம்பர் கடைசியில் 16, நவம்பர் கடைசியில் 30 என்று வந்தால் நல்லது. டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானின் 21.1 கிலோமீட்டரை ஒத்திகையாக ஓடலாம். 2013 முதல் புற்றுநோயாளிகளுக்காகக் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி சேர்க்கும் ஓட்டம் அது. அதன்பின் தூரத்தை நன்றாகக் குறைத்து, காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

42.195 கிலோமீட்டரில் பலர் தளர்வது 30-க்குப் பிறகு. தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கும் சர்க்கரை அப்போது தீர்ந்துவிடும். அதனால் ஓடும்போதே சாப்பிட வயிற்றைப் பழக்குங்கள்: வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய். புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே கிடைக்கிறது. உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு நல்லது. தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மயிரிழை முறிவாக இருக்கலாம்.

தென்காசி–மதுரை நெடுஞ்சாலையில் இருட்டில் ஓடவே கூடாது. கேரளா போகும் லாரிகள் ஓயாத சாலை அது. நெற்கட்டும்செவல் பக்கத்துக் கிராமச் சாலைகளில், விடிந்த பிறகு, வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடுங்கள். பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங், பாஸ்போர்ட் கணக்கில் 89 வயதில், 2000-ஆம் ஆண்டு லண்டன் மாரத்தானைக் குறைமாதக் குழந்தைகளுக்கு நிதி சேர்க்க ஓடி முடித்தவர். அவரே 2025 ஜூலையில் சொந்த ஊர்ச் சாலையில் கார் மோதித்தான் இறந்தார்.

இனி பணம். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்குகிறது. நிறுவியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். நேரில் போய், எந்தத் தேவைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேளுங்கள். "ஒரு குழந்தையின் சிகிச்சைக்கு இவ்வளவு" என்று தெளிவாகச் சொன்னால், தருகிறவர்களுக்கும் மனம் வரும்.

ஒரு ரூபாய்கூட உங்கள் கணக்குக்கு வரவேண்டாம். நேராக நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், ரசீதும் அவர்களே தரட்டும். ஓட்டத்துக்கான நுழைவுக் கட்டணத்தையும் காலணிச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொண்டு, அதை எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் கிடையாது.

சிங்கப்பூர்ச் சொந்தங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்தால், தங்கள் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவதில் சிக்கலில்லை. அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் என்றால் அது வெளிநாட்டு நிதி. அதைப் பெறுவதற்கான மத்திய அரசின் பதிவு நிறுவனத்திடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

டிசம்பரில் கால் ஒத்துழைக்காவிட்டால், மருத்துவர் சொல்கிற தூரத்தை ஓடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அதற்குள் குழந்தைகளுக்குப் பணம் போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்த ஜனவரியிலும் மாரத்தான் உண்டு.