நூலகத்தில் நுழைந்த ஒற்று

ஒற்றாடலுக்கு வள்ளுவரும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆயின், குடிமகன் படிப்பதையும் ஒற்றறிவது முறையாகுமா? பழமை பேணும் குடியரசுக் கட்சியினரான அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் 2001 அக்டோபரில் ‘பேட்ரியாட் சட்டத்தில்’ கையொப்பமிட்டார். தேசப்பற்றாளர் என்று பொருள். பெயர் சூட்டுவதில் ஆட்சியாளர் என்றுமே வல்லவர்! நீதிபதியின் ஆணையின்றி, மடல் வழியே விவரம் கோரும் எஃப்.பி.ஐ.யின் அதிகாரத்தை அச்சட்டம் விரிவாக்கியது. 2005இல் கனெக்டிகட் மாநில நூலகக் கூட்டமைப்பு ஒன்றுக்கு அத்தகைய மடல் வந்தது: நூலகக் கணினியொன்றைப் பயன்படுத்தியவர் பற்றிய விவரம் வேண்டும், மடல் வந்ததையும் எவரிடமும் சொல்லலாகாது! பொறுப்பிலிருந்த நூலகர் நால்வர் பெயர் மறைத்து வழக்குத் தொடுத்தனர். 2006 மார்ச்சில் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, அதன் கொடுமையை நேரில் அறிந்த அந்நால்வரும் வாய் திறக்க இயலவில்லை. மே மாதத்தில்தான் பேசினர். ஜூனில் அரசு தன் கோரிக்கையையே கைவிட்டது.