வெளி ஹார்ட் டிஸ்க்கை 'டீஃபிராக்' செய்யலாமா?

செவ்வாய்பேட்டை மண்டிகளில் டேலி கணக்கின் நகலை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைக்கிறோம். அதை டீஃபிராக் செய்யலாமா என்று வியாபார நண்பர்கள் கேட்கிறார்கள். குடோனில் அங்கங்கே கிடக்கும் ஒரே சரக்கு மூட்டைகளை ஒரே அட்டியாகப் போடுவது போல, துண்டு துண்டாகப் பதிந்த கோப்புகளைச் சேர்ப்பதே அது. தினமும் எடுக்கும் சரக்குக்குச் சரி. எப்போதோ திறக்கும் நகலுக்கு லாபம் சொற்பம். பெரிய டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். நடுவில் கரண்ட் போனாலோ, பையன் ஒயரைப் பிடுங்கினாலோ கோப்பு கெடலாம். எஸ்.எஸ்.டி. வகைக்கு அறவே வேண்டாம், தேய்மானம்தான் மிச்சம்.

ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டுப் படிவக் கெடு தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். எனவே அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.