சுவருக்குள் மறைந்திருக்கும் மரம்

வீட்டுச் சுவரில் ஈரக்கறை தோன்றினால் நாம் முதலில் அழைப்பது வர்ணம் பூசுபவரையே. பூச்சுக்குப் பின்னே மரம் நிற்கும் வீடுகளில் அது புண்ணுக்குப் புனுகு தடவுவதாகவே முடியும். கறை மறையும்; உள்ளே மரம் தொடர்ந்து உளுத்துக்கொண்டிருக்கும்.

இதற்குத் தக்க சான்று வடகிழக்கு மாநிலங்களில் காணப்படும் 'அசாம் வகை' வீடுகள். 1897 ஜூன் 12 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் ஷில்லாங் நகரின் கல் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. அதன்பின் அப்பகுதியில் எடை குறைந்த வீடுகள் பரவலாயின. மரச்சட்டங்களுக்கு இடையே இக்ரா என்னும் நாணலை நிரப்பி, இருபுறமும் பூச்சு இடுவது அவற்றின் முறை. நிலம் அதிரும்போது வளைந்து கொடுத்து வீட்டைக் காப்பது அந்த மரச்சட்டமே. அது உளுத்துவிட்டால், வெளியே அழகாகத் தோன்றும் சுவர் உள்ளே வலுவிழந்து நிற்கிறது என்றே பொருள்.

மரம் ஏன் உளுக்கிறது?

உலர்ந்த மரத்தில் பூசணம் வளர்வதில்லை. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும்வரை அச்சமில்லை. பழைய மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் உட்புகுந்த ஈரத்தை வெளியே ஆவியாக விட்டன. பிற்காலத்தில் அவற்றின்மீது இட்ட சிமெண்ட் பூச்சு, மரம் சுருங்கி விரிகையில் வெடிக்கிறது. வெடிப்பின் வழியே புகுந்த மழைநீர் எளிதில் வெளியேற இயலாமல் உள்ளேயே தங்குகிறது.

சோதிப்பது எப்படி?

தூண்களின் அடிப்பகுதி, ஜன்னலின் கீழ்ப்பகுதி, குளியலறையை ஒட்டிய சுவர் ஆகிய மூன்றையும் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். பூச்சு பொள்ளென்று ஒலித்தால் அவ்விடத்தைச் சிறிது உடைத்து, திருப்புளியின் முனையால் மரத்தைக் குத்திப் பார்க்கலாம். முனை எளிதில் இறங்கினால் மரம் உளுத்துவிட்டது.

பழுதுபார்க்கும் வரிசை

முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். கூரை ஒழுக்கு, உடைந்த மழைநீர்க் குழாய், சுவரோரம் குவிந்த மண் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் புது மரம் வைப்பது வீண். அடுத்து, கூரையின் பாரத்தைத் தாங்க முட்டுக் கொடுக்க வேண்டும். அதன்பின், உளுத்த பகுதிக்கு அப்பால் நல்ல மரத்திலும் ஏறத்தாழ ஓர் அடி சேர்த்து அறுத்தெடுக்க வேண்டும். நன்கு உலர்ந்த புது மரத்துக்குப் போராக்ஸ் கலந்த மருந்து பூசி, சாய்வாக இணைத்து, துரு ஏறாத போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். மரத்தின் அடி மண்ணைத் தொடாமல் கல் அல்லது செங்கல் மேடையின்மீது அமர வேண்டும். நிறைவாகச் சுண்ணாம்புப் பூச்சு இடுவது நலம்.

செலவைத் திட்டமிடுதல்

பூச்சை உடைக்குமுன் தரப்படும் மதிப்பீடு ஊகமே. ஆகவே ஐயத்துக்குரிய ஓரிடத்தைத் திறந்து, பொறியாளரைக் கொண்டு மதிப்பிட்ட பின்னரே கடனுக்கு விண்ணப்பிப்பது நன்று. மதிப்பீட்டில் நான்கில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்கி வைத்தால், பணி பாதியில் நிற்காது. ஒவ்வொரு கட்டத்திலும் படமும் ரசீதும் எடுத்து வைப்பது அவசியம். நாளடைவில் உண்டாகும் உளுப்புக்கு வீட்டுக் காப்பீடு பொதுவாக ஈடு தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய வருமான வரி முறையில் இருப்போர், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு பெறலாம்.

இது தொலைதூர மாநிலத்தவர்க்கு மட்டுமான பாடமன்று. தமிழகத்தின் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும், தளத்தைத் தாங்கும் தேக்கு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்தே இருக்கின்றன. அவை உளுப்பதும் இதே ஈரத்தால்தான். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் ஒதுக்கி, நம் வீட்டுச் சுவர்களைத் தட்டிப் பார்ப்போம்.